காசு வேண்டாம், எடுத்துக்கோ: மாட்சு அம்மன் பல்லக்கின் பின்னால்

ஏப்ரல் 5, 2024, வெள்ளி – தாஜியா

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். இந்த அம்மனின் பெயரைச் சீனத்தில் சொல்கிறபடியே தமிழில் எழுதினால் 'மாசு' என்று வரும். அப்புறம் இது சுற்றுச்சூழல் கட்டுரை ஆகிவிடும். அதனால் மாட்சு.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், தெலுக் ஆயர் தெருவை ஒட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் தியான் ஹொக் கெங் இருக்கிறது. 1839-ல் ஆரம்பித்து 1842-ல் கட்டி முடித்த மாட்சு கோயில். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, அதற்குப் பத்து வருஷம் முன்பே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. இன்றைக்கு அங்கே நின்றால் கடல் கண்ணில் படாது. அன்றைக்கு அந்தத் தெருதான் கரை. கப்பலை விட்டு இறங்கியதும், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல நம் ஆட்களுக்கு நாகூர் ஆண்டவர், ஃபூஜியென் சீனர்களுக்கு மாட்சு. இதை நான் ஒரு நாள் பெருமையாகச் சொல்லப்போக, ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி (தைவான் பெண், சொந்த ஊர் தாஜியா) சிரித்துவிட்டாள். "கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தாயாக்கும்? அவள் ரோட்டில் இறங்கும்போது பார்க்க வேண்டும்" என்றாள்.

பார்க்க வந்தாயிற்று. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைத் தன் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டாள். சித்திக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், குள்ளம், முழங்காலில் உறை. இங்கே அந்த வயதுப் பெண்களை 'ஆயி' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு மடங்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலும் பாட்டிக்கு அதே பெயர்தான்.

ஆயிக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்துக்கொண்டார். அது முதலில் உதிர்த்த முத்து: "நீங்கள் எண்ணெய் சேர்க்க வேண்டும்." விஷயம் பிறகுதான் புரிந்தது. 'ஜியா யோ' என்றால் அட்சர சுத்தமாக 'எண்ணெய் ஊற்று'. அவர்கள் அதைச் சொல்வது 'விடாதே, நடந்துவிடுவாய்' என்ற அர்த்தத்தில். இனி வரும் நாட்களில் இதை ஆயிரம் முறை கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மாட்சுவின் கதை சின்னதுதான். ஃபூஜியென் கரையில் மெய்ஜோ என்ற தீவு. 960-ல் மீனவக் குடும்பம் ஒன்றில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. ஒரு மாதம் ஆகியும் அழவில்லை. அதனால் 'மோ', பேசாதவள், என்று பெயர் வைக்கிறார்கள். லின் குடும்பத்து மோ, லின் மோ. வளர்ந்த பிறகு ஒரு நாள் தறியில் உட்கார்ந்தபடியே கண் மூடிக் கிடக்கிறாள். உயிர் மட்டும் கடலுக்குப் போய், புயலில் மாட்டிய அப்பாவையும் அண்ணன்களையும் ஒவ்வொருவராக இழுத்து வருகிறது. மகளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அம்மா பதறிப்போய் உலுக்க, வாயைத் திறந்து 'அம்மா' என்கிறாள். வாயில் கவ்வி வந்த ஒருவர் கடலோடு போய்விடுகிறார். போனது அப்பா என்றும் சொல்வார்கள், அண்ணன் என்றும் சொல்வார்கள். அவளும் 987-ல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் ராஜாக்கள் பட்டம் மேல் பட்டமாகக் கொடுத்து 'வானுலக ராணி' வரைக்கும் உயர்த்திவிட்டார்கள். ஆனால் இங்கே ரோட்டில் யாரும் ராணி என்று கூப்பிடுவதாகத் தெரியவில்லை. பாட்டி, அம்மா என்றுதான்.

பிறந்த நாள் சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23. இந்த வருஷம் அது மே 1. அதற்கு முன்னால் தாஜியாவின் ஜென் லான் கோயிலிலிருந்து அம்மனைப் பல்லக்கில் ஏற்றி, தெற்கே ஷின்காங் வரை போய்த் திரும்பி வருவார்கள். ஒன்பது பகல், எட்டு இரவு, ஏறக்குறைய 340 கிலோமீட்டர். கிளம்பும் நாளையும் நேரத்தையும் அவளிடமே கேட்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் விளக்குத் திருநாள் அன்று சாயங்காலம், பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகளை அம்மன் முன்னால் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதுதான், பூவுக்குப் பதில் மரம்.

அம்மா காலையில் போன் செய்து, "நிலநடுக்கம் வந்த ஊருக்கு இப்பதான் போகணுமா?" என்றாள். 3-ஆம் தேதி காலை கிழக்குக் கரையில் ஹுவாலியன் பக்கம் 7.2 அளவில் ஆடியிருந்தது. தாஜியா மலைக்கு இந்தப் பக்கம், மேற்கே. கோயிலில் ஊதுபத்தியோடு நின்றவர்கள் முணுமுணுத்ததில் ஹுவாலியன் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

ராத்திரி பதினொரு மணி சுமாருக்குப் பல்லக்கு வெளியே வந்தது. வந்தது என்று சொல்கிறேனே தவிர நான் பார்த்தது முதுகுகளைத்தான். வெடிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. முன்னால் மாட்சுவின் இரண்டு காவலர்கள், ஆளைவிட இரண்டு மடங்கு உயரப் பொம்மைகள், கையை வீசி வீசி நடக்கிறார்கள். ஒருவருக்கு ஆயிரம் காதம் பார்க்கும் கண், இன்னொருவருக்குக் காற்றில் வரும் எதையும் கேட்கும் காது. இந்த இரைச்சலில் அந்த இரண்டாமவர் பாடு என்ன என்று யோசித்துக்கொண்டேன். அடுத்து, பெரிய பொம்மைத் தலை மாட்டி, கையில் வெள்ளை உறை போட்ட குட்டிக் கடவுள்கள் டெக்னோ பாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தார்கள். அது நேசா என்ற பால தெய்வம். அதற்கும் பின்னால் ஜீப் கூரையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அரைகுறை உடையில் ஆடும் பெண்கள். நம் திருவிழா ரெக்கார்டு டான்ஸுக்குச் சக்கரம் வைத்தது மாதிரி. நான் ஆயியின் முகத்தைப் பார்த்தேன். அவர் போனில் பேசி என்னிடம் நீட்டினார்: "அவளுக்கும் சலிப்பு ஏற்படும் அல்லவா."

பேசாத பெண்ணுக்கு எடுக்கும் விழாவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, சனி – தாஜியா முதல் ஜாங்ஹுவா

விடிய விடிய நடந்தோம். பல்லக்கு நகர்வது நத்தை மாதிரி. வழியெல்லாம் நிறுத்துவார்கள். அதனால் நிறையப் பேர் முன்னாலேயே நடந்துவிடுகிறார்கள். அம்மன் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று போனில் ஜிபிஎஸ் காட்டுகிறது. ஆயி அதை அரைமணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டார், ஊருக்குப் பஸ் ஏறிய மகளை விசாரிக்கிற மாதிரி.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் இந்தப் பயணத்தைச் சொன்னதாகவே ஆகாது. ஷாலு தாண்டியதிலிருந்து வீட்டு வாசல்களில் மேஜை. அரிசிச் சேமியா, முட்டைக்கோஸ் சோறு, இனிப்புப் பச்சைப்பயறு கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த சோளம், ஐஸில் போட்ட தண்ணீர் பாட்டில், உப்பு மிட்டாய். நடுராத்திரி இரண்டு மணிக்கு, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன் ரோட்டோரம் நின்று ஈரத் துண்டு நீட்டுகிறான். தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் எல்லாம் பார்த்து வளர்ந்தவன்தான் நான். பழனி பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகும். ஆனால் அங்கே நான் கொடுக்கிற பக்கம். ஒரு நாளும் வாங்கிக்கொள்கிற பக்கம் நின்றதில்லை.

முதல் தப்பு அங்கேதான். ஒரு பாட்டியிடம் சேமியா ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் நூறு டாலர் தாளை நீட்டிவிட்டேன். (ஒரு தைவான் டாலர் சுமார் இரண்டரை ரூபாய்.) பாட்டி முகம் சுருங்கிவிட்டது. "பூ யோங் சியென், பூ யோங் சியென்" என்று கையை உதறினார். காசு வேண்டாம். நானும் விடாமல் மேஜை மேல் தாளை வைக்க, அவர் அதை எடுத்து என் சட்டைப் பையிலேயே திணித்து, மேலே ஒரு வாழைப்பழத்தையும் சொருகினார். ஆயி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் செயலி சொன்னது: "அவள் காலையிலிருந்து வெட்டினாள். நீ அதைக் கடை ஆக்கிவிட்டாய்."

எனக்கு ரோட்டிலேயே கூசிப்போயிற்று.

அடுத்தது சைவப் பிரச்சினை. நடந்து முடிக்கும்வரை ஆயி சைவம் என்றார். நானும் ஜம்பமாகச் சேர்ந்துகொண்டேன். இங்கே சைவத்துக்கு 'ஸூ' என்று சொல். அந்த எழுத்தைப் பலகையில் கண்டுபிடித்துவிட்டால் பயமில்லை. கறி, மீன் இருக்காது. வெங்காயம், பூண்டு, முட்டை சேருமா என்பதில் மட்டும் அதிலேயே பல வகை. ஆனால் மேஜைச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் பலகை இருக்காதே. இலையில் கட்டிய ஒட்டரிசிக் கொழுக்கட்டையைப் பிரித்துக் கடித்த பிறகுதான் நடுவில் பன்றிக்கறி. துப்ப முடியாது, கொடுத்தவர் எதிரில் நிற்கிறார். விழுங்கிவிட்டு 'பிரமாதம்' என்று கட்டைவிரலைக் காட்டினேன். உடனே இன்னொன்று கொடுத்தார்.

மூன்றாவது, கொடி. யாத்திரைக்காரர்கள் எல்லோர் கையிலும் ஒரு குச்சியில் முக்கோணக் கொடி, அதில் மணி. வழியில் ஒவ்வொரு கோயிலிலும் மஞ்சள் தாளில் எழுதிய மந்திரச் சீட்டு வாங்கி அதில் கட்டிக்கொண்டு, ஊதுபத்திக் கும்பாவின் புகையில் மூன்று சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். என் கொடிக்கு 350 டாலர் ஆயிற்று. இந்தக் கொடி தரையில் படக்கூடாது, கழிப்பறைக்குள் போகக்கூடாது. சரி, அப்படியானால் கழிப்பறைக்குப் போகிறவன் என்ன செய்வான்? வெளியே யார் நின்றாலும் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறை வரிசையில் நான் என் கொடியை ஓர் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அவர் கையில் ஒன்பது கொடி, பூக்கடை மாதிரி. அவருக்கும் அவசரம் போலிருக்கிறது, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். ஒன்பதையும் என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். அடுத்த இருபது நிமிஷம் நான்தான் பூக்கடை. யாரும் என்னை முன்பின் பார்த்ததில்லை, நான் எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. வந்து தங்கள் கொடியைப் பார்த்து எடுத்துக்கொண்டு, "பிங் ஆன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நலமாக இரு, பத்திரமாக இரு, இரண்டும் அந்தச் சொல்லில் அடக்கம்.

அதே பங்க்கில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு ஒரு மணிநேரம் தூங்கினோம். தலைக்கு மேல் பெரிய எழுத்துப் பலகை. ஆயி அதைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். 'ஜியா யோ' என்றே போட்டிருக்கிறதாம். எண்ணெய் ஊற்றும் இடம், வேறு எப்படி எழுதுவான்.

சாயங்காலம் தாது பாலம் தாண்டி ஜாங்ஹுவா. போன் கணக்கில் அறுபத்தோராயிரம் அடிகள். பல்லக்கு நான்யாவ் கோயிலுக்கு வந்து சேர நள்ளிரவும் கடந்துவிட்டது. அங்கே தள்ளுமுள்ளு பயங்கரம். பல்லக்கைத் தொட, தூக்க, தங்கள் பக்கம் கொஞ்சம் திருப்ப என்று ஆட்கள் மோதிக்கொள்கிறார்கள், நடுவில் போலீஸ் கைகோத்து நிற்கிறது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பக்தி என்று அதற்குப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் தாழ்வாரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கண்ணை மூடினேன்.

இன்றைய செலவு: கொடியை விட்டால் ஒரு காப்பி, ஒரு தேயிலை முட்டை. சைவக் கணக்கில் முட்டை வருமா என்று ஆயியிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு – ஜாங்ஹுவா முதல் ஷிலுவோ

காலையில் எழுந்தால் இடது குதிகால் தரையில் ஊன்றவில்லை. செயலி கேட்டது: "உங்கள் பாதம் நீர்க்குமிழி வளர்த்திருக்கிறதா?" வளர்த்திருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுக்கு.

யோங்ஜிங் போகும் வழியில் ஒரு கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை, எதிரே முக்காலி போட்டுத் தொண்டர்கள். எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயது இருக்கும். பகலில் என்ன வேலையோ, விரல் நகக்கண்ணில் கிரீஸ் கறை. ஆனால் அதன் மேல் புது உறை மாட்டிக்கொண்டார். அரைநாளாகக் கழற்றாத காலுறையை நான் கழற்றக் கூச்சப்பட்டேன். அவரே உருவினார். மூக்கைச் சுளிக்கவில்லை. ஊசியை நெருப்பில் காட்டி, பஞ்சில் துடைத்து, கொப்புளத்தின் மேல்தோல் கிழியாமல் ஓரமாக இரண்டு துளை. நீரை வெளியே அழுத்தினார், மஞ்சள் மருந்து வைத்தார், பிளாஸ்திரி ஒட்டினார், காலுறையை மறுபடி மாட்டி மடிப்பு இல்லாமல் குதிகாலில் இழுத்துவிட்டார். கடைசியில் என் காலை முக்காலியிலிருந்து இறக்கி வைத்தது இருக்கிறதே, குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி. நான் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டு போகவில்லை. நேற்றைய பாடம் நினைவிருந்தது. ஆனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. கும்பிட்டேன். அவர் திரும்பக் கும்பிட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டார்.

இதற்குள் என் பை கனக்க ஆரம்பித்துவிட்டது. மறுக்கத் தெரியாமல் வாங்கியதெல்லாம் உள்ளே: ஏழு வாழைப்பழம், நான்கு தண்ணீர் பாட்டில், மூன்று ரொட்டி, எண்ணாத உப்பு மிட்டாய், கார்ட்டூன் மாட்சு படம் போட்ட இரண்டு விசிறி. வீசி எறிய மனசு வருமா? ஆயி பையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்னால் வந்த ஒரு கிழவரைக் கைகாட்டி, என் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் போய்க் கிழவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு உப்பு மிட்டாய் கொடுத்தார். இப்படியே விற்பனைக்காரன் மாதிரி பெய்தோ வரை பையைக் காலி செய்துகொண்டே போனேன். காலியாகவில்லை.

ஊர்வலத்துக்கு முன்னால் போகிறவர் கட்டியக்காரர். தாம்பாளம் போன்ற சேகண்டியைத் தட்டிக்கொண்டு 'அம்மன் வருகிறாள்' என்று சொல்லிப் போகும் கோமாளி வேஷம். மூக்குக்கண்ணாடி, மீசை, நீளச் சுங்கான், குடையில் தொங்கும் பன்றிக்கால், ஒரு கட்டுக் கீரை. கால்சட்டையில் ஒரு கால் இறக்கி, ஒரு கால் மடித்து, மடித்த காலில் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி. எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கிறது. பன்றிக்கால் என்ற சொல்லும் 'போதும் என்று தெரிந்துகொள்' என்பதும் அவர்கள் மொழியில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை என்பது, அடுத்தவர் நெட்டை குட்டையைப் பேசாதே என்பதற்காம். கல்யாணம் ஆகாதவர்கள் அவரிடம் சிவப்பு நூல் வாங்கிக்கொள்வார்கள். ஆயி எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது என்பதைச் செயலி வழியாகச் சொன்னேன். நூலைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் ஷிலுவோ பாலம். சிவப்பு இரும்புப் பாலம், ஜுவோஷுய் ஆற்றின் மேல், நீளம் 1,939 மீட்டர். ஜப்பான்காரன் காலத்தில் தூண்கள் எழும்பி, யுத்தத்தில் வேலை நின்று, பிறகு அமெரிக்க இரும்பு வந்து முடித்து 1953-ல் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். குதிகாலில் ஓட்டை உள்ளவனுக்கு அது வேறு நீளம். பாலத்துக்கு நடுவில் வீடு இல்லை, மேஜை இல்லை, 'எடுத்துக்கோ' என்று நீட்ட யாரும் இல்லை. காற்றும் கொடி மணிகளும் மட்டும். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதி அதுதான். பாலம் இறங்கியதும் வெடி.

ஏப்ரல் 8, திங்கள் – ஷின்காங்

காலையில் தூறல். ஊர் முழுக்க இரண்டு ரூபாய் மழைக்கோட்டுத் தரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக். உள்ளே வியர்வை, வெளியே மழை, இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஹுவெய், தூகு என்று ஊர்கள் போயின. கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. தூகுவில் குடித்த சுடச்சுட இஞ்சித் தண்ணீர் மட்டும் நாக்கில் இருக்கிறது.

ஷின்காங்குக்கு முன்னால் ரோட்டில் ஒரு வரிசை கண்ணில் பட்டது. நடு ரோட்டில், ஒருவர் பின் ஒருவராக முழங்காலும் கையும் ஊன்றிக் குனிந்திருக்கிறார்கள், கண்ணுக்கு எட்டின தூரம் வரை. பல்லக்கு அவர்கள் முதுகுக்கு மேலே போகும். அம்மன் கடந்து போனால் பீடை கழியும். எனக்கு இரண்டு ஆள் முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, தலையில் பேரனின் பேஸ்பால் தொப்பி. எனக்கு நேர் முன்னால் குனிந்திருந்த பெண், தனக்கு முன்னே தரையில் ஒரு சட்டையை விரித்து, நான்கு மூலையும் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் சட்டை, கட்டம் போட்டது, இஸ்திரி மடிப்புக் கலையாதது. வர முடியாதவருக்குப் பதில் அவர் துணி வருமாம். ஈரத் தார் ரோடு. சட்டை நனையாமல் இருக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்திருந்தாள்.

முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். முழங்கால் வலி, மழை, பக்கத்து வெடிப் புகையில் இருமல். அப்புறம் யாரோ கத்தினார்கள், தலையைத் தாழ்த்தினேன். முதலில் செருப்புக் கால்கள், நிறையக் கால்கள், அப்புறம் ஒரு இருட்டு, ஊதுபத்தி வாசனை. அவ்வளவுதான். பல்லக்கின் அடிப்பலகையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பெண் சட்டையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு மட்டத்தில் யாரோ மிதித்த செருப்புத் தடம். அவள் அதைத் துடைக்காமல், தடம் உள்பக்கம் வரும்படி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆயி அதன் பிறகு வெகுநேரம் போனை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய் – ஷின்காங், ஜியாயி

காலை ஃபெங்தியென் கோயில் முன்னால் பிறந்தநாள் வழிபாடு. தெரு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் மண்டியிட்டு நிற்க, ஒலிபெருக்கியில் ஒருவர் நீட்டி நீட்டிப் படிக்கிறார். எழு, மண்டியிடு, எழு. என் குதிகால் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரோரம் சாய்ந்து நின்றுதான் பார்த்தேன்.

அந்தச் சுவரோரத்தில் ஒரு சமாச்சாரம் கிடைத்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். 1987 வரை இந்த யாத்திரை ஷின்காங்குக்கே வராதாம். பக்கத்திலுள்ள பெய்காங்கின் சாவ்தியென் கோயிலுக்குத்தான் போகும். தாஜியா அம்மனுக்கு அதுதான் பிறந்த வீடு என்று பேச்சு. அந்த வருஷம், மாட்சு மறைந்து ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு, தாஜியாக்காரர்கள் சிலர் ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு சீனாவின் மெய்ஜோ தீவுக்கே போய்வந்துவிட்டார்கள். தைவானிலிருந்து சீனாவுக்குப் போக அப்போது அனுமதி இல்லை. வந்ததும், 'எங்களுக்குப் பிறந்த வீடு மெய்ஜோதான், பெய்காங் இல்லை' என்றார்கள். பெய்காங் விட்டுக்கொடுக்கவில்லை. 1988-ல் பல்லக்கு ஷின்காங் பக்கம் திரும்பிவிட்டது. பிறந்த வீட்டுச் சண்டையில் உறவு முறிவது எனக்கென்ன புதுசா. ஆனால் பெய்காங்குக்கு அம்மன் வராமல் இல்லை என்றார் வாத்தியார். மியாவ்லி பக்கத்துப் பாய்ஷாதுனிலிருந்து இன்னொரு மாட்சு போன மாதம்தான் அங்கே நடந்து வந்து போனாளாம். அந்தப் பல்லக்குக்கு மூடு துணி பளீர் ரோஸ் நிறம். பிள்ளைகள் 'ரோஸ் ரேஸ் கார்' என்கிறார்கள். அதற்கு வழித்திட்டமே கிடையாது. எந்தத் தெருவில் திரும்புவது என்று பல்லக்குதான் இழுக்கும், தூக்குகிறவர்கள் பின்னால் ஓடுவார்கள். ஆயி இதைக் கேட்டுவிட்டு, தான் மூன்று தடவை அதிலும் நடந்ததாக விரலைக் காட்டினார்.

லீவு முடிந்தது. திரும்பி நடக்கும் பாதி எனக்கு இல்லை. ஆயிக்கு உண்டு. இன்று ராத்திரியே பல்லக்கு வடக்கே கிளம்புகிறது. விடைபெறும்போது செயலி ஏதோ தாமதமாக யோசித்துவிட்டு, "உனது கால்களுக்கு நன்றி" என்றது. அவர் என்ன சொன்னாரோ.

ஜியாயி ரயிலடிக்கு ஒரு டாக்சி பிடித்தேன். மீட்டரில் 400 டாலர் சொச்சம். நான்கு நாளில் நான் கொடுத்த பெரிய காசு அதுதான். ஓட்டுநர் கண்ணாடியில் என் கொடியைப் பார்த்துவிட்டு ஐம்பது டாலரைத் திருப்பித் தந்தார். வேர்க்கடலை போட்ட ஷின்காங் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றும் பின்னால் வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு – சிங்கப்பூர்

இன்று ராத்திரி தாஜியாவில் பல்லக்கு கோயிலுக்குள் திரும்புகிறது. நேரலையில் பார்த்தேன். கூட்டத்தில் ஆயியைத் தேடினேன், ஒரே மாதிரி தொப்பி போட்ட ஆயிரம் ஆயிகள்.

துணி துவைக்கும் கதையையும் எழுதிவிடுகிறேன். நான்கு நாள் அழுக்கையும் மொத்தமாக மிஷினில் போட்டேன். காலுறை மடிப்புக்குள், கால்சட்டைப் பைக்குள், எங்கெல்லாமோ வெடித் தாளின் சிவப்புத் துணுக்குகள் இருந்திருக்கின்றன. திறந்து பார்த்தால் என் மூன்று வெள்ளை பனியன், வீட்டுக்காரியின் வெள்ளைச் சுடிதார், தலையணை உறை இரண்டு, எல்லாம் ரோஸ். சாதா ரோஸ் இல்லை, பளீர் ரோஸ். வீட்டில் எனக்கு நடந்த வழிபாட்டை இங்கே எழுதவில்லை.

துணிக்கொடியில் காயப்போட்டுப் படம் எடுத்து லைன் செயலியில் ஆயிக்கு அனுப்பினேன். அரைமணி கழித்து, வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் கரடி ஒன்று வந்தது. அதன் கீழே, செயலியில் போட்டு எடுத்த தமிழில் ஒரு வரி: "உடை தயார். அடுத்த ஆண்டு பாய்ஷாதுன்."